தேதி டீச்சரும் விடுமுறைப் புத்தகமும்

அந்த மேல்நிலைப் பள்ளியில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளி கூட விழிப்பார். தேதி டீச்சர் என்றால் போதும், மாடிப்படி வரை கூட்டிக்கொண்டுபோய் விடுவார். வரலாறும் குடிமையியலும் எடுத்தவர். வீட்டுப்பாடத்தில் தேதி இல்லாவிட்டால் படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவார். தேதியும் கையெழுத்தும் இல்லாத காகிதம் வெறும் பேச்சு, பேச்சுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள் என்பது அவர் கட்சி. காய்ச்சல் என்று விடுப்புக் கேட்டவனிடம் காய்ச்சல் எந்தத் தேதியில் வந்தது என்று கேட்டாராம். ஆசிரியர்கள் அறையில் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் காதில் விழுந்தால், "ஏன், காய்ச்சலுக்குத் தேதி கிடையாதா?" என்று கேட்டுவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விடுவார்.

கறார் பேர்வழிதான், ஆனால் தைரியசாலி என்று யாரும் சொன்னதில்லை. தலைமையாசிரியர் கூப்பிடுகிறார் என்றால் போகிற வழியிலேயே மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொள்வார். சுற்றறிக்கை வந்தால் முதல் கையெழுத்து அவருடையதாக இருக்கும். கணவர் மருந்துக் கடை வைத்திருந்தார். "வயித்தெரிச்சல் மாத்திரைக்கு என் கடையில பெரிய வாடிக்கையே என் வீட்லதான் இருக்கு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். குழந்தைகள் இல்லை. டீச்சரின் தம்பி கல்வி அலுவலகத்தில் எழுத்தர். அப்பா இல்லாத வீட்டில் அக்கா சம்பாதித்துப் படிக்க வைத்த தம்பி. அந்த வேலை கிடைத்த நாளில் அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றவர்.

பதினோராம் வகுப்பை முடித்தவர்களுக்குக் கோடை விடுமுறையில் படிக்க ஒரு புத்தகம் கொடுத்தனுப்புவது அந்தப் பள்ளியின் பழைய வழக்கம். எப்போதும் தலைவர்களின் வாழ்க்கையைச் சொல்லும் மெலிந்த புத்தகமாக இருக்கும். பிள்ளைகள் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்துவிட்டு நடுவே இருப்பதை ஊகித்துக்கொள்வார்கள். அந்த வருடம் டீச்சர் வேறு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். செய்தித்தாள் ஒன்றில் பிழை திருத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் எழுதியது. இந்தப் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பு நகரசபையைக் கலைத்துவிட்டுத் தேர்தல் இல்லாமல் அந்த ஊரை ஆண்டார்களே, அந்தச் சில வருடங்களின் கதை. எந்தச் சட்டம் எப்படி ஓரங்கட்டப்பட்டது, எந்தத் தெருவில் என்ன நடந்தது, யார் யாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று தெருத்தெருவாக விசாரித்து எழுதியிருந்தார். தலைமையாசிரியர் அட்டையை மட்டும் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

கடைசி வகுப்பில் டீச்சர் புத்தகத்தைக் கொடுத்தபோது சொன்னார்: "ஆளுக்கு ஒரு அத்தியாயம் எடுத்துக்கங்க. அதுல வர்ற பெரிய மனுஷங்கள விட்டுடுங்க. அன்னைக்கு அந்தத் தெருவுல நின்ன சாதாரண ஆளு ஒருத்தர நினைச்சுக்கங்க. அவர் கண்ணுக்கு என்ன தெரிஞ்சதுன்னு பள்ளிக்கூடம் திறந்ததும் வந்து பேசணும்."

"பரீட்சைக்கு வருமா டீச்சர்?"

"வராது. அதனாலதான் விடுமுறையில குடுக்கறேன்."

விடுமுறை பாதி கூட முடியவில்லை. ஒரு காலையில் தலைமையாசிரியர் டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கொடுத்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"டீச்சர், அந்தப் புத்தகத்தை எல்லாம் திருப்பி வாங்கிடுங்க."

"ஏன் சார்?"

"மேலிடத்துல இருந்து ஃபோன்."

"மேலிடம்னா யாரு சார்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "மேலிடம்னா மேலிடம்தான். பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள ஒண்ணு விடாம வந்தாகணும். யாருகிட்டயும் காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். பக்கம் விட்டுப்போச்சு, மாத்தித் தர்றோம்னு சொல்லுங்க."

அவர் போன பிறகு டீச்சர் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு, துணிப்பை இரண்டை எடுத்தார். கணவர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "சொன்னதைச் செஞ்சுட்டு வந்துடு. நமக்கு எதுக்கு வம்பு? வெயிலா இருக்கு, குடை எடுத்துக்கோ" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. வீடு வீடாகப் போய், தானே கொடுத்த புத்தகத்தைத் தானே திருப்பி வாங்குவது. எத்தனையோ வருடமாகப் பாடம் நடத்தியவர், பிள்ளைகளின் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தது அந்தக் கோடையில்தான். முதல் வீட்டில் புத்தகம் ஆடுகிற மேசையின் காலுக்கு முட்டாக இருந்தது. உருவி எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்த பையன், "நான் படிக்க ஆரம்பிக்கலாம்னுதான் இருந்தேன் டீச்சர்" என்றான். அவன் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு வீட்டில் பையனுக்குப் பதிலாக அப்பா படித்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற தபால்காரர். "இருங்க டீச்சர். அந்தக் காலத்துல ஊரடங்கு நேரத்துலயும் தெருத்தெருவா அலைஞ்சவன் நான். எங்கயாவது என் பேரைப் போட்டிருப்பானோன்னு தேடறேன். ஒரு நாயைக்கூட எழுதியிருக்கான், என்னை எழுதல" என்றார். பக்கம் விட்டுப்போச்சு என்று டீச்சர் சொன்னதும், "எந்தப் பக்கம்? எனக்கு வரிசையாத்தானே வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடிக் கொடுத்தார். படி இறங்கும்போது டீச்சருக்குக் காது சூடாகிவிட்டது. வாழ்க்கையில் அவ்வளவு நேரடியாக அவர் பொய் சொன்னதில்லை.

சில வீடுகளில் புத்தகத்தோடு குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்கள். சில வீடுகளில் கதவை அரைவாசிதான் திறந்தார்கள். ஒரு பெண் அழுதாள், பாதியில் விட்டால் தூக்கம் வராது என்று. பை கனத்துக்கொண்டே போயிற்று.

வகுப்பில் நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற பெண்ணின் வீடு கடைசியில் வந்தது. முன்னறை சலவைக் கடை, பின்னறை வீடு. உள்ளே ஆவியும் சூடான துணியின் வாசனையும். கம்பியில் சட்டைகள் தோள் தோளாகத் தொங்கின, ஒவ்வொன்றின் காலரிலும் சின்னத் துணித்துண்டில் அடையாள எண். நெட்டையின் அம்மா மருத்துவமனைப் படுக்கை விரிப்பு ஒன்றை நீளமேசையில் விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மேசையின் ஒரு மூலையில், தண்ணீர் தெளிக்கிற குப்பிக்கு எட்டாத தூரத்தில், புத்தகம் திறந்து கவிழ்ந்திருந்தது.

டீச்சர் வந்த விஷயத்தைச் சொன்னார். பக்கம் விட்டுப்போச்சு என்ற வார்த்தை ஏனோ வாயில் வரவில்லை. "திருப்பி வாங்கச் சொல்லியிருக்காங்க" என்றார்.

"யாரு சொன்னாங்க டீச்சர்?"

"மேலிடத்துல."

அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். மகளைப் பார்த்து, "உள்ள போய்ப் பாலைப் பாரு" என்றார். நெட்டை நகரவில்லை. அடுப்பில் பால் எதுவும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அம்மாவும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

"எங்க அண்ணனைப் பத்தி இதுல ரெண்டு வரி இருக்கு" என்றார். "ஆலைச் சாலை அத்தியாயத்துல. விசாரிக்கணும்னு கூட்டிட்டுப் போனாங்க, திரும்பி வரலன்னு. அவ்வளவுதான் எழுதியிருக்கு. இவளுக்கு அப்படி ஒரு மாமா இருந்தாருன்னே இந்தப் புத்தகத்தைப் பார்த்துதான் தெரியும். யாராவது கேட்டா அண்ணன் வேலை தேடி வெளியூர் போயிருக்குன்னு சொல்லுவோம். சொல்லிச் சொல்லி எங்களுக்கே அது பழகிப்போச்சு."

டீச்சர் பையைத் தரையில் வைத்தார்.

"அன்னைக்கு வந்தவங்களும் இதேதான் சொன்னாங்க. மேலிடத்துல சொல்லியிருக்காங்கன்னு. எங்க அம்மா ஆபீஸ் ஆபீசா ஏறி இறங்கினாங்க. இங்க கேட்டா அங்க, அங்க கேட்டா இன்னொரு இடம். அந்த மேலிடம் எந்தக் கட்டடத்துல இருக்குன்னு கடைசிவரைக்கும் ஒருத்தர்கூட காட்டல. நான் உங்களைச் சொல்லல டீச்சர். உங்களுக்கு என்ன தெரியும், பாவம்."

சொல்லிவிட்டு அவர் புத்தகத்தை எடுத்தார். ஓரம் மடங்கியிருந்த ஒரு தாளை விரலால் நீவினார். வாடிக்கையாளரின் சட்டைக்குச் சுற்றுவது போலப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, நூல் கட்டி, இரண்டு கையாலும் நீட்டினார். "எங்களால உங்களுக்கு எதுக்குப் பொல்லாப்பு? வாங்கிக்கங்க."

சண்டை போட்டிருந்தால் டீச்சர் வாங்கிக்கொண்டு வந்திருப்பார். அந்த அம்மா அவருக்காகப் பயந்து கொடுத்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். தெரு முனைவரை வந்தவர், குடையை விரிக்க மறந்து வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் அவர் கல்வி அலுவலகத்துக்குப் போனார். யார் சொல்லியும் போகவில்லை. தம்பி தன் மேசையிலிருந்து பார்த்துவிட்டுச் சந்தோஷமாக எழுந்து வந்தார். அக்கா எதற்கு வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, வீட்டுக்குப் போ. நான் சாயங்காலம் வந்து பேசறேன்" என்றார். அதற்குள் அதிகாரியின் அறையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

அதிகாரி மரியாதையானவர். எழுந்து நின்று வரவேற்றார், மின்விசிறியை இவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"புத்தகத்தை எல்லாம் வாங்கிட்டேன் சார். ஒப்படைக்கணும்னா உத்தரவு வேணும். எழுத்துல குடுங்க" என்றார் டீச்சர். குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. கைப்பையை மடியில் அழுத்திக்கொண்டார்.

"உத்தரவா? நாங்க உத்தரவே போடலையே டீச்சர்."

"தலைமையாசிரியர் ஃபோன் வந்ததுன்னு சொன்னாரு."

"அது ஒரு ஆலோசனை. பிள்ளைங்க மனசு, சூழ்நிலை, எல்லாத்தையும் யோசிச்சு..."

"புத்தகத்துல தப்பு எதுவும் இருக்கா சார்?"

"நான் படிக்கல. படிக்க நேரம் எங்க இருக்கு?"

"ஆலோசனைன்னா ஏத்துக்கவும் செய்யலாம், ஏத்துக்காமலும் இருக்கலாம் இல்லையா சார்?"

அதிகாரி புன்னகையை விடவில்லை. "இதையெல்லாம் எழுத்துல கேக்காதீங்க டீச்சர். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். எழுத்துன்னு வந்துட்டா அப்புறம் எல்லாரும் எழுத ஆரம்பிச்சுடுவாங்க."

படியில் தம்பி கூடவே இறங்கி வந்தார். "உனக்குப் பென்ஷன் வந்துடும், மாமாவுக்குக் கடை இருக்கு. எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குக்கா. என் சோத்துல மண்ணைப் போட்டுடாத" என்றார். அக்கா என்ன பதில் சொன்னார் என்பதை இருவரில் ஒருவரும் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. ஏதாவது சொன்னாரா என்பதே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். கணவர் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தார், கையைத் துடைத்துக்கொண்டார். "பை ரெண்டும் கனம். நீ ஒத்தையாத் தூக்கினா தோள்பட்டை போயிடும்" என்றார். அன்று பிற்பகல் கடை திறக்கவில்லை. அந்தத் தெருவில் மருந்துக் கடை பூட்டிக் கிடந்ததைப் பார்த்து, வீட்டில் துக்கமோ என்று இரண்டு பேர் விசாரித்தார்களாம்.

வாங்கின புத்தகங்களை எல்லாம் இருவருமாகப் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்தார்கள். மேசைக்கால் பையன், "மறுபடியுமா?" என்றான். தபால்காரர் வாங்கிக்கொண்டு, விட்ட பக்கத்தைத் தேட ஆரம்பித்தார். சில பெற்றோர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களை டீச்சர் வற்புறுத்தவில்லை. "படிக்கணும்னும் கட்டாயமில்ல, படிக்கக் கூடாதுன்னும் யாரும் எழுதிக் குடுக்கல" என்று மட்டும் சொன்னார். சலவைக் கடையில் நூல் பிரிக்காத பொட்டலத்தையே நீட்டினார். நெட்டையின் அம்மா வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார்.

பள்ளி திறந்தது. தலைமையாசிரியர் டீச்சரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பேச வேண்டியிருக்கும் என்பதால்தானோ என்னவோ. பேச்சு வகுப்பு நடந்த நாளில் அவர் தாழ்வாரத்தில் இரண்டு முறை நடந்து போனார். இரண்டாவது முறை ஜன்னலோரம் கொஞ்ச நேரம் நின்றார்.

நெட்டை தன் முறை வந்ததும் எழுந்தாள். ஆலைச் சாலை அத்தியாயத்தைத்தான் எடுத்திருந்தாள். ஆனால் மாமாவைப் பற்றிப் பேசவில்லை. ஏதோ ஓர் அலுவலகத்தின் வாசலில் மனுவோடு நிற்கும் ஒரு தாயாகப் பேசினாள். அந்தத் தாய் படி ஏறுகிறாள், ஒருவர் எதிர்க்கட்டடத்தைக் கைகாட்டுகிறார், படி இறங்குகிறாள். மகனுக்கு என்ன வயது, என்ன நிறச் சட்டை போட்டிருந்தான் என்று ஒவ்வொரு மேசையிலும் சொல்கிறாள். சட்டையின் நிறத்தை யாரும் குறித்துக்கொள்வதில்லை. பேசி முடித்ததும் அவள் உட்கார்ந்துவிட்டாள். மேசைக்கால் பையன் தலையைத் தாழ்த்திக்கொண்டான். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, அழிக்க ஒன்றும் இல்லாத பலகையைக் கொஞ்ச நேரம் அழித்தார்.

அந்த வாரம் முடிவதற்குள் மாற்றல் உத்தரவு வந்தது. நிர்வாக நலன் கருதி என்று காரணம் போட்டிருந்தது. ஊருக்கு வெளியே, இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய ஓர் ஆரம்பப் பள்ளி. பன்னிரண்டாம் வகுப்புக்கு அரசியல் சட்டம் நடத்தியவர் இரண்டாம் வகுப்புக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுக்கப் போனார். மேல்முறையீடு செய்தார், பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினார், அதற்கும் வரவில்லை. பிறகு விட்டுவிட்டார். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். அங்கே அவரைத் தேதி டீச்சர் என்று யாரும் கூப்பிடவில்லை. அந்தக் குழந்தைகளுக்குத் தேதி என்றால் கரும்பலகையின் மூலையில் தினமும் மாறுகிற எண், அவ்வளவுதான். மூக்கு ஒழுகும் குழந்தைகளோடு அவர் சந்தோஷமாக இருந்தார் என்று சொன்னால் பொய்யாகிவிடும். பழைய வகுப்பை நினைத்துப் பேருந்தில் அழுத நாட்கள் உண்டு. ஆனால் செய்ததற்காக வருந்தி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை என்று கணவர் சொல்வார்.

தம்பி வருவதை நிறுத்திக்கொண்டார். அவர் வேலைக்கு ஒரு கீறலும் விழவில்லை, பதவி உயர்வுகூட வந்தது. ஏதாவது நஷ்டம் வந்திருந்தால் ஒரு நாள் வந்து அக்காவிடம் சண்டை போட்டுத் தீர்த்துக்கொண்டிருப்பார். ஒன்றும் ஆகாததால் எதைச் சொல்லி வருவது என்று தெரியாமலே வருடங்கள் ஓடின. மூத்த மகளின் கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர் வாசலிலேயே நின்றார். "உள்ள வாடா" என்றார் அக்கா. வந்தார். இருவரும் சமையலறையில் உட்கார்ந்து கல்யாணச் செலவுகளையும் மாப்பிள்ளை வீட்டாரையும் பற்றி மட்டும் பேசினார்கள்.

அந்தப் புத்தகத்துக்கு இன்றுவரை தடையும் இல்லை, அனுமதியும் இல்லை. பள்ளி நூலகத்தில் அது இருந்த இடத்தில் வேறு புத்தகம் வந்துவிட்டது.

டீச்சர் ஓய்வு பெற்ற பின்பு ஒரு நாள் நெட்டையின் அம்மா அவரைத் தேடி வீட்டுக்கு வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. நெட்டை வேறு ஊரில் வேலையில் இருந்தாள். அந்தக் காலத்தில் காணாமல் போனவர்களைப் பற்றிச் சொந்தக்காரர்கள் வந்து வாக்குமூலம் கொடுக்கலாம் என்று ஓர் அலுவலகம் திறந்திருக்கிறார்களாம். "தனியாப் போகக் கூச்சமா இருக்கு டீச்சர். அந்த மாதிரி இடத்துல எப்படிப் பேசறதுன்னு தெரியல. கூட வர்றீங்களா?" என்றார்.

எப்படிப் பேசுவது என்று டீச்சருக்கும் தெரியாது. ஆனாலும் கிளம்பிவிட்டார்.

மரப்பெஞ்சில் காலையிலிருந்து காத்திருந்தார்கள். கூப்பிட்டதும் இருவரும் உள்ளே போனார்கள். மேசைக்குப் பின்னால் இளம்பெண் ஒருத்தி இருந்தாள். அந்த அம்மா சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தாள், அவசரப்படுத்தவில்லை. "அன்னைக்கு அவர் என்ன உடை போட்டிருந்தார்?" என்று அவளே கேட்டாள். அந்த அம்மா சட்டென்று டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீலக் கட்டம் போட்ட சட்டை" என்றார். அந்தப் பெண் அதைத் தட்டினாள். விசாரித்துச் சொல்ல எவ்வளவு காலம் ஆகும் என்று சொல்ல முடியாது, எதுவும் கிடைக்காமலும் போகலாம் என்றாள். அதைச் சொல்லும்போது கண்ணைப் பார்த்துச் சொன்னாள். இன்னும் அவர்களுக்குப் பதில் எதுவும் வரவில்லை.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள். அந்த அம்மாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது.

"அந்த நீலச் சட்டை எங்க அண்ணனோடதே இல்ல டீச்சர். வங்கி மேனேஜரோடது. அப்பா கடைக்குச் சலவைக்கு வர்றதுல நல்ல சட்டையா ஒண்ணை எடுத்து ஒரு நாள் போட்டுக்கிட்டு ஊர் சுத்தும். மறுநாள் துவைச்சு இஸ்திரி போட்டு அடுக்கிடும். அப்பாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சுடுவாரு. ஒரு தடவை அந்த மேனேஜரே எதிர்ல வந்துட்டாரு..."

"அய்யோ. அப்புறம்?"

"அண்ணன் என்ன பண்ணிச்சு தெரியுமா? நேரா அவர்கிட்டயே போய், சார், உங்க சட்டையைப் பார்த்து அதே மாதிரி ஒண்ணு எடுத்தேன், எப்படி இருக்குன்னு..."

பேருந்து வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார். டீச்சர் போகச் சொல்லிக் கையை அசைத்துவிட்டு, "சொல்லுங்க" என்றார்.